மூன்றாம் தூண் முதல் ஏழாம் தூண் வரை

அவரிடமிருந்து ஒரு ‘ஆமாம்’ வாங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். பேச்சுக்கு, “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி, இல்லையாய்யா?” என்று கேட்டால்கூட, “காலையில இருந்து வீட்டுக்குள்ள கெடந்தேன். இப்பதான் வெளிய வாரேன். இனிமேதான் பாக்கணும்” என்பார். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் வரலாறு எழுத வேண்டியிருந்தது. என் தலையெழுத்து.

நான் நாசரேத்துக்காரி. வாக்கப்பட்டது தூத்துக்குடிக்கு வெளியே புதுக்கோட்டையில். ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால் பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. சரக்கு அடைத்து வைத்த பழைய கிட்டங்கிகளில் ஒன்றை அருங்காட்சியகம் ஆக்குவது, கடலோரம் முழுக்க நடைபாதை, பெஞ்சு, அலங்கார விளக்கு, நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பெரிய சிப்பி பொம்மை. வழிநெடுகப் பன்னிரண்டு தகவல் பலகைகள். அந்த வேலையை எடுத்திருந்த கம்பெனியில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்த நான்தான் பலகைகளுக்கு எழுத வேண்டும். தினமும் நோட்டும் கையுமாகப் பஸ் ஏறிக் கடற்கரைத் தெருவுக்குப் போவேன். வீட்டுக்கு ஒரு வாத்தியார் என்று பேர்பெற்ற ஊர் நாசரேத், அதைச் சொன்ன மாத்திரத்தில் தெருவே என்னை ‘டீச்சர்’ ஆக்கிவிட்டது. அவர் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். “நீ பாடம் எடுத்து நான் பாக்கலயேம்மா” என்றார். எழுதுவதைப் பார்த்திருக்கிறார் அல்லவா, அதனால் ‘எழுதுத பிள்ள’ என்று வைத்துக்கொண்டார்.

முதல் நாளே என் பொறுமையைச் சோதித்துவிட்டார். மாதா கோயில் பங்குச்சாமியைப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் மதிலோரம் இவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கறுத்து ஒடுங்கிய உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் அகலமான நெஞ்சுக்கூடு. நாற்பது வருடம் சங்கு குளித்த நெஞ்சு என்று பிறகு தெரிந்தது.

“சாமி உள்ள இருக்காங்களா?”

“காலையில பூசைக்கு நின்னாவ. இப்ப நான் பாக்கல.”

“கதவு திறந்துதான இருக்கு. இருப்பாங்கல்லா?”

“கதவு தெறந்து கெடக்கதப் பாத்தேன். சாமியப் பாக்கல.”

அவர் அதைச் சொல்லி வாயை மூடவில்லை, பங்குச்சாமி அவருக்குப் பின்னாலேயே இருமிக்கொண்டு வெளியே வந்தார். கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “இப்பப் பாத்தேன். இருக்காவ” என்றார். சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்று அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. பத்து நாள் பழகிய பிறகுதான், கிண்டல் இல்லை, மனிதரே அப்படித்தான் என்று புரிந்தது. எரிச்சல் இன்னும் கூடியது.

தெருவில் மற்றவர்கள் எவ்வளவு தாராளம்! முத்தைப் பற்றிக் கேட்டால் போதும். ஒருவர் எலுமிச்சம்பழ அளவில் முத்து எடுத்த பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்துவார். இன்னொருவர் அதே முத்தை ரோமாபுரி ராணியின் கழுத்தில் ஏற்றிவிடுவார். நானும் சந்தோஷமாக எழுதிக்கொள்வேன். கம்பெனிக்கும் அதுதான் வேண்டும். இவரிடம் கேட்டால், “நான் பாத்த முத்து மொளவு அளவு. மொத்தம் ரெண்டு” என்பார்.

“முத்துக்குளிப்பு நடந்ததைப் பாத்திருக்கீங்கல்லா, அதைச் சொல்லுங்கய்யா.”

“எங்கப்பா கடல்ல நின்னாரு. நான் சின்னப்பய, கரையில நின்னேன். கடலுக்குள்ள நடந்தது எனக்குத் தெரியாது. கரையில நாத்தம்மா. மலை மலையாச் சிப்பியக் குமிச்சு அழுவ விட்டுருப்பாவ. ஈ மொய்க்கும். சோறு எறங்காது. அத எழுது.”

எழுதினேன். நான் ஒரு மடச்சி. கம்பெனி மேலாளர் போனில் கத்தினார். “சுற்றுலாப் பலகையில நாத்தம்னு யாராவது எழுதுவாங்களா மேடம்?” அந்த வரியை அடித்துவிட்டு ‘முத்துநகரின் பெருமை’ என்று என்னமோ போட்டார்கள். கிழவரிடம் சொன்னபோது, “அந்தாளு அன்னைக்கு அங்கன நின்னாராமா?” என்று மட்டும் கேட்டார்.

கல்யாணப் பேச்சு என்றால் தெரு அவரைக் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைக்கும். அதற்கும் காரணம் இருந்தது. ஒரு தடவை பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் நேரே இவரிடமே போய் மாட்டிக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் தங்கமான பையன் என்று ஒரே வார்த்தையில் முடித்து அனுப்பியிருப்பார்கள். இவர், “குடிச்சிட்டு வந்து ரெண்டு தடவ பாத்துருக்கேன். படுத்த படுக்கையாக் கெடந்த அம்மைக்குச் சோறு ஊட்டுனதயும் பாத்துருக்கேன்” என்றாராம். வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். பையனின் அம்மா படுக்கையிலிருந்து எழுந்து வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் போகட்டும், சிரித்துவிட்டு விட்டுவிடலாம். மீன்பிடி வள்ளங்களைக் கரையேற்றும் இடத்துக்கே ஆபத்து வந்தபோதுதான் அவர் எங்கள் எல்லோருடைய பிராணனையும் வாங்கினார்.

கடலைப் பார்த்த பழைய கிட்டங்கி ஒன்றின் முன்னால் வரிசையாக ஏழு கல்தூண்கள் உண்டு. அந்தத் தூண்களுக்கும் அலைக்கும் நடுவே உள்ள மணலில்தான் தெருக்காரர்கள் தங்கள் வள்ளங்களை இழுத்துப் போடுவார்கள். நாற்பது வள்ளம் இருக்கும். திட்டத்தின் வரைபடத்தில் அந்த இடம் கார் நிறுத்துமிடமாக வந்துவிட்டது. வரைபடம் போட்டவர் சென்னையில் உட்கார்ந்து போட்டார், அவருக்கு அது வெறும் மணல். தெரு கொதித்தது. கடைசியில் விசாரிக்க ஓர் அதிகாரியம்மாவை நியமித்தார்கள். எந்த இடத்தில் வெகுகாலமாக வள்ளம் ஏற்றி வந்திருக்கிறீர்களோ அதை விட்டுவிடுகிறோம், ஆனால் சாட்சி வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார்கள். தெருவில் ஆக வயதானவர், மூத்த கடலோடி, எல்லாம் இவர்தான். இவர் ‘ஆமாம்’ என்றால் முடிந்தது.

கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே தெருவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். தெரிந்தால் வேலை போய்விடும். இருந்தாலும் மனது கேட்கவில்லை. ‘ஏழு தூண்களின் முன்பாகவும் ஐந்து தலைமுறையாக இடைவிடாமல் வள்ளம் ஏற்றி வருகிறோம்’ என்று அழகாக எழுதி, அவர் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு என் பேனாவை வாங்கி ‘ஐந்து தலைமுறை’ என்பதை அடித்தார். ‘இடைவிடாமல்’ என்பதை அடித்தார். ‘ஏழு தூண்’ என்பதில் பேனா நின்றது. அதையும் அடித்தார்.

“ஒண்ணு ரெண்டுக்கு முன்னால தோணிக்கு ஏத்துத உப்பு மூட்டைய அடுக்கிக் கெடக்கும். வள்ளம் அங்கன ஏத்த முடியாது. மூணுல இருந்து ஏழு வரைக்குந்தான் நான் பாத்தது.”

“இப்ப அங்கயும் வள்ளம் நிக்குல்லா!”

“அது உப்புக்காரன் எடத்தக் காலி பண்ணுன பொறவு. எட்டு வருசமா.”

அந்த எட்டு வருட வள்ளங்கள் பன்னிரண்டு. அதில் ஒன்று அவருடைய மருமகனுடையது. ஒரே மகள் ஜெனிட்டா பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். காலையும் மாலையும் அவருக்குச் சோறு கொண்டுவருகிறவள் அவள்தான். அன்றைக்கும் சோற்றுச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றாள். தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

“எப்பா, ஏழுன்னு சொன்னா ஒம்ம நாக்கு அழுவிப் போயிருமா?”

“நீ பொறக்கும்போதே அங்கன உப்பு மூட்டதாம்ளா கெடந்துச்சு.”

நான் விடவில்லை. கெஞ்சினேன், கோபப்பட்டேன், கடைசியில் கத்தியே விட்டேன். “இது என்னய்யா பிடிவாதம்? ஊரே சொல்லுதது பொய்யா? உங்களுக்கு மட்டும் வானத்துல இருந்து நேர்மை எறங்கிச்சா?”

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார். சங்கு குளிக்கிற வள்ளத்தில் முதலில் ஒருவர் இறங்கி அடி பார்த்துவிட்டு வருவாராம். மணலா, பாறையா, அறுந்து விழுந்த வலை ஏதும் கிடக்கிறதா என்று மேலே வந்து சொல்லுவார். அவர் சொன்னதை நம்பித்தான் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரு நாள் அப்படி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவர் இவர். அடுத்து இறங்க வேண்டியது இவருடைய மனைவியின் தம்பி.

“கீழ வலை கெடக்கா மச்சான்னு கேட்டான். இல்லன்னுட்டேன். நான் ஒரு பக்கந்தான் பாத்துருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஜெனிட்டா சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மாமனைப் பற்றி அவள் அம்மா சாகும்வரை வீட்டில் பேச்சே எடுத்ததில்லையாம், பிறகு சொன்னாள்.

மனது கனத்துப் போனது உண்மைதான். அதற்காக என் எரிச்சல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது கடல், இது மாநகராட்சி அலுவலகம், இங்கே யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

விசாரணை அன்று கூடம் நிரம்பி வழிந்தது. தெருக்காரர்கள் பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். ஐந்து தலைமுறை என்று தொடங்கியவர்கள் எட்டாவது ஆளிடம் பாண்டிய மன்னர் காலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம், அந்த மணலும் தன்னுடையதே என்று வந்திருந்த கிட்டங்கிக்காரரின் வக்கீல் எழுந்து, அங்கே வள்ளமே நின்றதில்லை, அலைவரைக்கும் மதில்சுவர் இருந்தது என்று துணிந்து புளுகினார். அதிகாரியம்மா இரண்டு பக்கத்தையும் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இவரைக் கூப்பிட்டார்கள்.

“பெரியவரே, எவ்வளவு காலமா அங்க வள்ளம் ஏத்துறீங்க?”

“எங்கப்பா தோள்ல இருந்து பாத்தது மொதக்கொண்டு தெரியும். அதுக்கு முன்னால நான் பாக்கல.”

பின்வரிசையில் யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“தொடர்ந்து ஏத்துனீங்களா?”

“இல்லம்மா. தொறமுகத்துல தோண்டுன சேத்தக் கொண்டாந்து அங்கன கொட்டுனாவ. அப்ப மூணு வருசம் வடக்க தள்ளிப் போட்டோம்.”

வக்கீல் முகமெல்லாம் பல்லாகக் குறித்துக்கொண்டார். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“ஏழு தூணுக்கும் முன்னாலயா?”

“மூணுல இருந்து ஏழு.”

“நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது?”

“நம்பாண்டாம்மா. போய்ப் பாருங்க. தூணுல முட்டளவு உசரத்துல கயிறு இழுத்த தடம் இருக்கும். மூணாவதுல எங்கப்பா வள்ளங் கட்டுனது.”

அதிகாரியம்மா அன்று மத்தியானமே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நானும் கூட நின்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு தூணாகக் குனிந்து தடவிப் பார்த்தார்கள். மூன்றாவது தூணில் கயிறு அறுத்த பள்ளத்தில் என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. ஏழாவது வரைக்கும் அப்படித்தான். முதல் இரண்டும் வழவழவென்று இருந்தன.

தீர்ப்பு வந்தது. மூன்றாம் தூண் முதல் ஏழாம் தூண் வரை வள்ளங்களுக்கு. முதல் இரண்டும் அதன் முன்னுள்ள மணலும் கார்களுக்கு. அந்த அம்மா மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. இவர் ஒருவர் சொன்னதுதான் சரிபார்க்கும்படி இருந்தது என்றும், இவர் இல்லாவிட்டால் மொத்தமும் போயிருக்கும் என்றும் நான் நினைத்துக்கொள்கிறேன். தெரு அப்படி நினைக்கவில்லை. இருபத்தெட்டு வள்ளத்துக்கு இடம் கிடைத்ததை ஒரே வாரத்தில் மறந்துவிட்டு, பன்னிரண்டு வள்ளத்தின் இடம் போனதற்கு அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சொந்த மருமகன் வள்ளத்தையே தெருவில் விட்ட கிறுக்கன் என்றார்கள்.

மருமகன் தன் வள்ளத்தை ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட வேண்டியதாயிற்று. விடியுமுன்னே எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு நடப்பான். ஒரே மாதத்தில் தோள் வீங்கிவிட்டது. அதன் பிறகு ஜெனிட்டா தகப்பனுக்குச் சோறு கொண்டுவருவதை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்தினாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். கிழவர் தானே கஞ்சி வைத்துக் குடித்தார்.

“மகளை நினைச்சுப் பாத்தீங்களாய்யா?” என்று ஒரு நாள் கேட்டேன், குத்திக்காட்டத்தான் கேட்டேன்.

“நெனச்சேன். நெனச்சா, பாத்தது மாறுமாம்மா?”



நடைபாதை திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நுரையீரலில் நீர். அங்கேயும் டாக்டரைப் படுத்திக்கொண்டிருந்தார். “வலி இருக்கா தாத்தா?” என்றால், “இப்ப இருக்கு. முன்ன ஒறங்கிட்டேன், தெரியல” என்று பதில். டாக்டர் என்னைப் பார்த்து, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது போலச் சிரித்தார்.

அந்த வார்டின் கதவு ஒன்று. யார் தள்ளினாலும் கிரீச்சென்று கத்தும். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும், கதவு கத்தும்போதெல்லாம் கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நர்ஸ், ஆரஞ்சுப் பழத்தோடு வரும் யாரோ, கூட்டுகிறவர். பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்தத் தலையைத் தூக்குவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஜெனிட்டாவை வரச்சொல்லவாய்யா?”

“அவ வாரேன்னு சொல்லலயேம்மா.”

“நீங்க கூப்பிட்டீங்கன்னு சொல்லுதேன்.”

“நான் எங்க கூப்புட்டேன்?”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அப்பனும் மகளும் எக்கேடோ கெட்டுப்போங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுந்தேன். இருந்தாலும் அன்று சாயங்காலம் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். ஜெனிட்டா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அலசுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“அப்பா கூப்புட்டாராக்கும்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எழுத்து வேலையில் எத்தனை எலுமிச்சம்பழ முத்துகளை நான் கூசாமல் எழுதியிருக்கிறேன்! அந்த ஒரு ‘ஆமாம்’ மட்டும் வாயில் வரவில்லை. கிழவரின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டிருந்தது.

“கூப்பிடலை” என்றேன்.

“பின்ன நான் எதுக்கு வாரேன்?” என்றாள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகு ஜெனிட்டா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடைபாதை திறந்தாகிவிட்டது. முதல் இரண்டு தூண்களுக்கு முன்னால் வெளியூர்க் கார்கள் நின்றன. பக்கத்தில் ‘முத்துநகரின் பெருமை’ பலகை பளபளவென்று நின்றது, என் பிழைப்பு. மூன்றாம் தூணருகே மணலில் போய் நின்றோம். நல்ல வெயில். அவள் தூணில் இருந்த கயிற்றுத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“டீச்சர், கடைசியா நீங்கதான் அவரப் பாத்திய. என்னய ஒரு தடவயாச்சும் கேட்டாரா? பொய் சொல்லாதிய.”

நாக்கின் நுனியில் ஆயிரம் ஆறுதல் வந்து நின்றது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் போனார் என்று சொல்லிவிட்டால் அவளும் அழுது தீர்ப்பாள், நானும் பஸ்ஸைப் பிடிப்பேன். அந்தப் பாவி மனுஷன் செத்தும் என்னை விடவில்லை. நான் பார்த்தது என்ன என்று யோசித்தேன்.  அன்றைக்கு அவள் வாசலில் நின்று நான் சொன்னது ஒரு பக்கம்தான்.

“உன் பேரைச் சொல்லலை, ஜெனிட்டா. ஆனா வார்டுக் கதவு சத்தம் கேட்டப்பல்லாம் தலையைத் தூக்கிப் பாத்தாரு. மூச்சு வாங்க வாங்கப் பாத்தாரு. யாருன்னு பாத்துட்டுத்தான் படுப்பாரு. இதை அன்னைக்கே உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் விரல் தடத்திலேயே நின்றுவிட்டது. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

அதன் பிறகுதான் அவள் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.